பாட்டியும் நுண்ணலை அடுப்பும்

பிற்பகல் மணி இரண்டு. உயர்நிலை இரண்டில் படிக்கும் கயல்விழி, ஈசூனில் உள்ள தன் வீவக வீட்டுக்குத் திரும்பியபோது பாட்டி ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். காலை ஆறு மணிக்கு அம்மா சமைத்து, மேசைமேல் மூடி வைத்துவிட்டுப் போன சோறு அது.

சென்ற மாதம்வரை 74 வயதுப் பாட்டி எரிவாயு அடுப்பில் தாமே உணவைச் சூடுபடுத்திக்கொள்வார். ஒரு நாள் ரசத்தை அடுப்பில் வைத்துவிட்டுக் கண்ணயர்ந்துவிட்டார். பாத்திரம் கருகியது, வீடு முழுவதும் புகை சூழ்ந்தது. பக்கத்து வீட்டார் கதவைத் தட்டியதால் பெரிய விபத்து தவிர்க்கப்பட்டது. அன்று முதல் அப்பா வேலைக்குப் போகும்போது எரிவாயுவை மூடிவிட்டுப் போகிறார். புதிய நுண்ணலை அடுப்பு ஒன்றையும் வாங்கி வைத்தார். பாட்டியோ அதன் பக்கமே போகவில்லை.

“ஏன் பாட்டி, சூடு பண்ணிச் சாப்பிடலாமே?” என்று கேட்டாள் கயல்விழி.

“அந்தப் பெட்டியிலயா? கதிர் பட்ட சோறு உடம்புக்கு ஆகாதும்மா. போன வாரம் உங்கப்பா அதுலதான் சாம்பாரைச் சுட வச்சுக் கொடுத்தான். ஓரமெல்லாம் கொதிக்குது, நடுவுல சில்லுன்னு இருக்கு. அதெல்லாம் ஒரு சூடா?”

பாட்டி சொன்ன இரண்டில் ஒன்று தவறு. மற்றொன்று முற்றிலும் சரி.

1945ஆம் ஆண்டு அமெரிக்காவில் ரேடார் கருவிக்கான மேக்னெட்ரான் என்னும் குழாயோடு வேலை செய்துகொண்டிருந்தார் பெர்சி ஸ்பென்சர் என்ற பொறியாளர். அவருடைய சட்டைப்பையில் இருந்த மிட்டாய் உருகிப்போயிருந்தது. அந்த அலைகளால் உணவைச் சூடாக்கலாம் என்ற எண்ணம் அதிலிருந்து பிறந்தது. 1947இல் விற்பனைக்கு வந்த முதல் நுண்ணலை அடுப்பு ஏறத்தாழ ஓர் ஆள் உயரம்; எடை சுமார் 340 கிலோகிராம். எந்த வீட்டுச் சமையலறைக்கு அது பொருந்தும்?

‘கதிர்’ என்ற சொல்லே பலருக்கு அச்சம் தருகிறது. ஆனால் நுண்ணலையும் வானொலி அலை, ஒளி ஆகியவற்றைப் போன்ற மின்காந்த அலைதான். ஊடுகதிரைப் போல அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்தெடுக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. விநாடிக்குச் சுமார் 245 கோடி முறை அதிரும் இந்த அலை, உணவில் உள்ள நீர் மூலக்கூறுகளை இப்படியும் அப்படியும் திருப்புகிறது. அந்த ஓயாத ஆட்டத்தில்தான் வெப்பம் பிறக்கிறது. விளக்கை அணைத்த பிறகு அறையில் வெளிச்சம் தங்குவதில்லை அல்லவா? அதுபோல, அடுப்பு நின்ற பிறகு சோற்றிலும் அலை எதுவும் தங்குவதில்லை. கதவில் தெரியும் உலோக வலை, அலைகள் வெளியே வராமல் தடுக்கிறது. கதவு சேதமடைந்திருந்தால் மட்டும் அந்த அடுப்பைப் பயன்படுத்தக்கூடாது.

சாம்பாரைப் பற்றிய குறையை அவ்வளவு எளிதில் ஒதுக்க முடியாது. நுண்ணலை உணவுக்குள் ஓரிரு சென்டிமீட்டர் ஆழம்தான் வலுவாகப் பாயும். அதோடு, அடுப்புக்குள் அலைகள் எல்லா இடத்திலும் ஒரே அளவில் பரவுவதில்லை. தட்டு சுழல்வது அதற்காகத்தான். அப்படியும் சில இடங்கள் சூடாகாமல் தங்கிவிடும். அங்கே கிருமிகள் பிழைத்துக்கொள்ளும். குழந்தையின் பால் புட்டியை இதில் வைக்கக்கூடாது என்பதற்கும் இதுவே காரணம். புட்டி வெளியே வெதுவெதுப்பாக இருக்கும். உள்ளே ஒரு மிடறு வாயைச் சுட்டுவிடும்.

உண்மையில் பாட்டிக்கு ஆபத்து அந்தப் பெட்டியில் இல்லை. மேசைமேல் எட்டு மணி நேரம் கிடந்த சோற்றில்தான் இருந்தது. அரிசியில் இருக்கும் ஒருவகை பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக நீண்ட நேரம் இருந்தால் அவை பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மீண்டும் சூடாக்கினாலும் அழியாது.

“நாங்க பழைய சோறு சாப்பிட்டு வளரலையா?” என்றார் பாட்டி.

நல்ல கேள்விதான். பழைய சோறு நீரில் ஊறிப் புளிக்கிறது. அந்தப் புளிப்பு பல கிருமிகளை வளரவிடாது. மேசைமேல் வெறுமனே ஆறும் சோற்றுக்கு அந்தக் காவல் இல்லை.

மறுநாளிலிருந்து அம்மா சோற்றைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, ஆவி அடங்கியதும் குளிர்பதனப் பெட்டியில் வைத்தார். கயல்விழி ஒரு தாளில் பெரிய எழுத்துகளில் எழுதி அடுப்பின் கதவில் ஒட்டினாள். பீங்கான் தட்டில் சோற்றைப் பரப்பி, நடுவில் சிறு குழி விட வேண்டும். கொஞ்சம் நீர் தெளித்து, தளர்வாக மூட வேண்டும். பாதியில் நிறுத்திக் கிளறிவிட வேண்டும். நின்ற பிறகும் இரண்டு நிமிடம் பொறுத்தால் வெப்பம் உள்ளே பரவும். நடுப்பகுதியிலும் 75 டிகிரி செல்சியஸ் வந்தால்தான் பாதுகாப்பு. முழு முட்டையை வைத்தால் வெடித்துவிடும் என்பதையும் கடைசியில் சேர்த்தாள்.

பாட்டிக்குப் பிடித்த எவர்சில்வர் தட்டுதான் பெரிய சிக்கலாக இருந்தது. உலோகம் அலையைத் திருப்பி அனுப்பும், தீப்பொறியும் பறக்கலாம். உணவங்காடியில் வாங்கிய மெலமைன் தட்டும் கூடாது என்றதும், “அப்போ எதுலதான் சாப்பிடுறது?” என்று பாட்டி சலித்துக்கொண்டார். அப்பா இரண்டு பீங்கான் தட்டுகள் வாங்கி வந்தார்.

இரண்டு வாரத்தில் பாட்டியே ஒரு புதுமையைக் கண்டுபிடித்துவிட்டார். எண்ணெய் இல்லாமல் அப்பளம் ஒரு நிமிடத்தில் பொரிந்து வந்தது! ஆனால் தோசைக்கு அவர் அந்தப் பெட்டியை நம்புவதில்லை. அதிலும் நியாயம் இருக்கிறது. உணவில் நீர் இருக்கும்வரை அதன் வெப்பம் பெரும்பாலும் 100 டிகிரியைத் தாண்டாது. தோசை முறுகுவதற்கு அது போதாது. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வீட்டில் இருக்கும்போது அப்பா எரிவாயுவைத் திறந்துவிடுகிறார். பாட்டி தோசைக்கல்லைப் போடுகிறார். கயல்விழி பக்கத்திலேயே நிற்கிறாள்.