ஒரே படத்தில் நடக்கும் எதிரி! – கூம்பா பற்றி ஒரு சின்ன ஆராய்ச்சி



மேரியோ கேம் தெரியாதவங்க நம்ம கிளாஸ்ல ரொம்பக் கம்மி. ஆட்டம் ஆரம்பிச்சதும் காளான் மாதிரி ஒண்ணு முறைச்சுக்கிட்டே எதிரே நடந்து வருமே, அதன் பெயர்தான் கூம்பா. ஜப்பானில் அதற்கு 'குரிபோ' என்று பெயர். "இதெல்லாம் ஒரு எதிரியா? ஒரு மிதி மிதிச்சா காலி!" என்று நாம் சிரிப்போம். ஆனால் அது அவ்வளவு சுலபமாக இருப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. அவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

காரணம் 1: முதல் பாடம்

'சூப்பர் மேரியோ பிரதர்ஸ்' 1985-ல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனத்திலிருந்து வந்தது. ஷிகெரு மியாமோட்டோ, தகாஷி தெஜுகா ஆகியோர் அதை வடிவமைத்தார்கள். அதில் ஆமை போன்ற கூப்பாதான் முதலில் உருவான எதிரி. ஆமையை மிதித்தால் ஓட்டுக்குள் போய்விடும். ஓட்டை உதைத்தால் அது எதிலாவது மோதித் திரும்பி வந்து நம்மையே இடிக்கும்! புதுசா ஆடுறவங்களுக்கு இது கஷ்டம். அதனால் ஒரே மிதியில் போகிற கூம்பாவைக் கடைசிக் கட்டத்தில் சேர்த்தார்கள். அதைத் தொட்டால் ஓர் உயிர் போச்சு. தாண்டினாலோ மிதித்தாலோ பிழைத்தோம். யாரும் சொல்லித்தராமலே குதிக்கக் கற்றுக்கொள்கிறோம் அல்லவா?

காரணம் 2: இடம் இல்லை

அந்தக் கேசட்டில் மொத்தமே 40 கிலோபைட். அதில் படங்களுக்கு 8 மட்டும். இன்று செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவே இதைவிடப் பல மடங்கு பெரியது. படங்களை 8க்கு 8 புள்ளிகள் உள்ள சின்னக் கட்டங்களாகச் சேமித்தார்கள். ஒரு கட்டத்துக்கு 16 பைட். கூம்பாவுக்கு 4 கட்டங்கள். ஆக, 4 × 16 = 64 பைட்.

நடப்பதைக் காட்ட இரண்டு படங்களாவது வேண்டுமே! என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரே படத்தை இடவலமாகத் திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். நசுங்கின கூம்பாவும் பாதிதான் வரைந்தது. மறுபாதி அதே படத்தின் கண்ணாடி பிம்பம்.

செய்து பாருங்கள்: கிராஃப் தாளில் 16க்கு 16 கட்டம் எடுத்து, ஒரு கால் முன்னால் இருப்பது போல வரையுங்கள். தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து முன்னும் பின்னும் திருப்புங்கள். நான் செய்து பார்த்தேன், சூப்பரா நடக்குது!

வளர்ந்த கதை

★ 1988 – 'சூப்பர் மேரியோ பிரதர்ஸ் 3': இறக்கை முளைத்துப் பறந்தது.
★ 1990 – 'சூப்பர் மேரியோ வேர்ல்ட்': உருண்டையான ஓர் உறவுக்காரன் வந்தான். மிதித்தால் சாகாமல் கவிழ்ந்து கிடப்பான், தூக்கி எறியலாம்.
★ 1996 – 'சூப்பர் மேரியோ 64': முப்பரிமாணம். மேரியோவைப் பார்த்ததும் துரத்தி ஓடி வந்தது.
★ 2000 – 'பேப்பர் மேரியோ': கூம்பாரியோ என்ற கூம்பா மேரியோவின் நண்பனாகவே சேர்ந்தான்.
★ 2017 – 'சூப்பர் மேரியோ ஒடிசி': தொப்பியை வீசி நாமே கூம்பா ஆகலாம். ஒன்றின் தலைமேல் ஒன்றாகக் கோபுரம் கட்டலாம். பனிக்கட்டியில் அது வழுக்காது.

கவனியுங்கள்! இடம் எவ்வளவோ பெருகிய பிறகும் முறைக்கும் புருவம், குட்டைக் கால், பெரிய தலை எதுவும் மாறவில்லை. ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு புது விஷயம்தான் சேர்ந்தது. பழசை நன்றாகத் தெரிந்தவர்களுக்குப் புதுசு உடனே புரியும்.

தம்பி தங்கைகளுக்குக் கணக்கு சொல்லித்தரும் அண்ணன்மார்களே, அக்காமார்களே! எடுத்தவுடனே ஆமையை விடாதீங்க. முதல் கணக்கு கூம்பாவாக இருக்கட்டும். ஒரு கணக்கைத் தானாகப் போட்டுவிட்ட பிள்ளை அடுத்ததற்குப் பயப்படாது.



– ஒன்பதாம் வகுப்பு, 'ஆ' பிரிவு