அகல டயர் மட்டும் போதுமா? ரிம்மையும் பாருங்கள்!

கேள்வி: ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 245 வைத்திருக்கிறேன். 225/40 ஆர்18 டயர், 7.5ஜே ரிம். கம்பெனி டயர்கள் தேய்ந்துவிட்டன. அவ்வப்போது செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டுவதும் உண்டு. இதே ரிம்மில் 245/40 போட்டால் வளைவுகளில் பிடிமானம் கூடும் என்கிறார் டயர் கடைக்காரர். போடலாமா?
– வாசகர், கோவை

பதில்: போட வேண்டாம். 245/40 ஆர்18 டயருக்கு அனுமதிக்கப்பட்ட ரிம் அகலம் 8 முதல் 9.5 அங்குலம் வரை. உங்களுடையது 7.5. கடையில் மாட்டிக் கொடுத்துவிடுவார்கள், காற்றும் நிற்கும், வண்டியும் ஓடும். நீங்கள் எதிர்பார்க்கும் பிடிமானம் மட்டும் வராது.

டயரில் இருக்கும் 225, 245 என்ற எண்கள், டயரை ஒரு குறிப்பிட்ட ரிம்மில் மாட்டி, சைடுவாலிலிருந்து சைடுவால் வரை அளந்த அகலம். 225/40 ஆர்18 டயரை 8 அங்குல ரிம்மிலும், 245/40 ஆர்18 டயரை 8.5 அங்குல ரிம்மிலும் வைத்து அளப்பார்கள். ரிம் அரை அங்குலம் குறைந்தால் டயரின் அகலமும் ஏறக்குறைய 5 மி.மீ. குறையும். அப்படியென்றால் உங்கள் 7.5 ரிம்மில் 245 டயர் சுமார் 235 மி.மீ. தான் இருக்கும். காசு கொடுத்து வாங்கிய அகலத்தில் 10 மி.மீ. அங்கேயே போய்விடுகிறது.

பாதிப்பு அதோடு நிற்பதில்லை. டயரின் இரு பக்க உள்விளிம்புகளும், அதாவது பீட் இரண்டும், நெருங்கி உட்காருவதால் சைடுவால் வெளியே பிதுங்கும். சின்ன உறையில் திணித்த தலையணை மாதிரி டிரெட்டின் நடுப்பகுதி மேடாகிவிடும். நேர்ச் சாலையில் அந்த நடுப்பகுதியே அதிகச் சுமை தாங்கிச் சீக்கிரம் தேயும். வளைவில் சைடுவாலைத் தாங்கிப் பிடிக்க ரிம் அகலமாக இல்லாததால், முதலில் டயர் பக்கவாட்டில் சாயும். அதன் பிறகுதான் கார் திரும்பும். வளைவுகள் அடுத்தடுத்து வரும் கரி ஸ்பீட்வேயில் இந்தத் தாமதத்தை ஒவ்வொரு திருப்பத்திலும் உணர்வீர்கள்.

விட்டத்தையும் கணக்குப் போடுங்கள். இப்போதைய டயரின் விட்டம் 637 மி.மீ. 245/40 போட்டால் 653 மி.மீ. இது 2.5 சதவிகிதம் அதிகம். அதே வேகத்தில் ஸ்பீடோமீட்டர் இப்போது காட்டுவதைவிடக் குறைத்துக் காட்டும்; சக்கர வளைவுக்குள் இருக்கும் இடைவெளியும் குறையும்.

அகலம் கூடினால் தரையைத் தொடும் பரப்பும் அதே அளவு கூடும் என்று பலரும் நினைக்கிறார்கள். அந்தப் பரப்பைப் பெருமளவு தீர்மானிப்பவை காரின் எடையும் காற்றழுத்தமும்தான். அகல டயர் அந்தப் பரப்பின் வடிவத்தை மாற்றுகிறது: நீளம் குறைந்து, அகலம் கூடுகிறது. வளைவில் கார் சட்டென்று திரும்ப இந்த வடிவம் உதவும். ஆனால் சைடுவால் உறுதியாக நின்றால்தான் இந்தப் பலன் முழுதாகக் கிடைக்கும். அந்த உறுதியைத் தருவது ரிம்.

கார் நிறுவனங்கள் எப்படிச் செய்கின்றன என்று பாருங்கள். 2017ல் வந்த ஹோண்டா சிவிக் டைப் ஆர் காரில் 245/30 ஆர்20 டயர், 8.5 அங்குல அகல ரிம். 2022ல் வந்த அடுத்த தலைமுறையில் டயர் 265/30 ஆர்19, ரிம் 9.5 அங்குலம். டயரை 20 மி.மீ. அகலமாக்கிய ஹோண்டா, ரிம்மை ஒரு முழு அங்குலம், அதாவது 25.4 மி.மீ. அகலமாக்கியது. ரிம்மின் விட்டத்தை ஓர் அங்குலம் குறைக்கவும் தயங்கவில்லை.

உங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, அதே 225/40 அளவில், மென்மையான ரப்பர் கலவை கொண்ட உயர்ரகப் பெர்ஃபார்மன்ஸ் டயர். செலவுக்கேற்ற பலன் இதில்தான் அதிகம். லோட் இண்டெக்ஸ் 92க்குக் குறையாமல் பார்த்து வாங்குங்கள். ஒரு டயர் 630 கிலோ தாங்கும் என்பதே அதன் பொருள். இரண்டாவது வழி, 8.5ஜே ரிம்மும் 245/35 ஆர்18 டயரும். விட்டம் 629 மி.மீ. வரும், பழைய அளவுக்கு நெருக்கம். ஆனால் ஆஃப்செட்டை, அதாவது ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது ஹப்பில் பொருந்தும் முகப்புக்கும் இடையே மி.மீ. கணக்கில் உள்ள தூரத்தை, பார்க்காமல் ரிம் வாங்கக் கூடாது. ஆஃப்செட் 51லிருந்து 45க்கு மாறினால், ரிம்மின் வெளி விளிம்பு 18.7 மி.மீ. வெளியே வரும், உள் விளிம்பு 6.7 மி.மீ. உள்ளே போகும். ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுதாக ஒடித்து, சஸ்பென்ஷனிலோ ஃபெண்டரிலோ உரசவில்லை என்று உறுதி செய்த பிறகு பணம் கொடுங்கள்.

கேள்வி: என் அலாயில் 7ஜே என்று பொறித்திருக்கிறது. டேப் வைத்து அளந்தால் 8 அங்குலம் வருகிறதே?
– வாசகர், திருச்சி

பதில்: ரிம்மில் பொறித்திருப்பதே சரி. நீங்கள் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை அளந்திருக்கிறீர்கள். ரிம் அகலம் என்பது டயரின் பீட் உட்காரும் இடத்தில், இரு விளிம்புச் சுவர்களின் உட்புறங்களுக்கு இடையே உள்ள தூரம். வெளியே அளந்தால் ஏறக்குறைய ஓர் அங்குலம் கூடுதலாக வரும். ஜே என்ற எழுத்து அந்த விளிம்புச் சுவரின் வடிவத்தைக் குறிக்கிறது. பழைய அலாய் வாங்கும்போது விற்பவர் சொல்லும் அளவை நம்ப வேண்டாம். ஸ்போக்கின் பின்புறத்தைத் துடைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் பொறித்திருக்கும்.

கேள்வி: நண்பர் ஒருவர் 9ஜே ரிம்மில் 205/40 ஆர்17 டயரை இழுத்து மாட்டியிருக்கிறார். பார்க்க அழகாக இருக்கிறது. நானும் செய்யலாமா?
– வாசகர், சென்னை

பதில்: செய்யாதீர்கள், நண்பரையும் கழற்றச் சொல்லுங்கள். 205/40 ஆர்17 டயருக்கு உச்ச வரம்பே 8 அங்குலம். ஒழுங்காகப் பொருந்திய டயரில் சைடுவால் ரிம்மைவிடச் சற்று வெளியே நின்று முதல் அடியை வாங்கிக்கொள்ளும். இழுத்து மாட்டிய டயரில் ரிம்மின் விளிம்பு துருத்திக்கொண்டு நிற்கும். பள்ளத்தில் இறங்கினால் அடி நேராக அலாய்க்குத்தான். ரிம் வளையலாம், விரிசல் விடலாம். அதைவிடப் பெரிய ஆபத்து, வேகமாகத் திரும்பும்போது பீட் தன் இருக்கையிலிருந்து நழுவுவது. நழுவினால் காற்று மொத்தமும் ஒரே நொடியில் வெளியேறிவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈசிஆர்) வேகமாகப் போகும்போது இப்படி நடந்தால், உங்கள் உயிரோடு எதிரே வருபவரின் உயிரும் போகக்கூடும்.

கேள்வி: 5.5ஜே ரிம்மில் 195/60 ஆர்15 போட்டுவிட்டேன். சரியா? மழையில் பிரச்னை வருமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: இந்த டயருக்கு 5.5 முதல் 7 அங்குலம் வரை ரிம் போடலாம். நீங்கள் வரம்பின் கீழ் விளிம்பில் இருக்கிறீர்கள், பாதுகாப்பானதுதான். ரிம் குறுகலாக இருப்பதால் காற்றழுத்தத்தில் கவனம் தேவை. டிரெட்டின் குறுக்கே ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சாக்பீஸால் தடிமனாகக் கோடு போடுங்கள். காய்ந்த, நேரான சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு இறங்கிப் பாருங்கள். நடுவில் மட்டும் அழிந்திருந்தால் காற்று அதிகம். ஓரங்கள் மட்டும் அழிந்திருந்தால் காற்று குறைவு. சீராக அழிந்திருந்தால் அதுவே சரியான அழுத்தம். ஆனால் கார் நிறுவனம் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்குக் கீழே இறங்காதீர்கள்.

மழையைப் பொறுத்தவரை, டயர் எவ்வளவு அகலமோ, அவ்வளவு நீரை அது ஒதுக்கித் தள்ள வேண்டும். தேய்மானமும் காற்றழுத்தமும் சமமாக இருந்தால், அகல டயர் குறைந்த வேகத்திலேயே தண்ணீர்மேல் மிதக்கத் தொடங்கும். சட்டப்படி டிரெட் ஆழம் 1.6 மி.மீ. இருந்தால் போதும். அகல டயர் போட்டவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். 3 மி.மீ. ஆழத்துக்கு வந்ததுமே, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக மாற்றிவிடுங்கள்.