இரண்டு மலைக்கு நடுவே ஒரு கேமரா

துறையூருக்கு வடக்கே பச்சைமலை, மேற்கே கொல்லிமலை. இப்படி இரண்டு மலைக்கு நடுவே குடியிருக்கும் ஒருவருக்குக் காட்டு விலங்குகளைப் படமெடுக்கும் ஆசை வந்துவிட்டால், வழக்கமாக இரண்டு காரியம் நடக்கும். முதலில் 600 மி.மீ. லென்ஸின் விலையைச் செல்போனில் தேடுவார். அடுத்து, புலி பார்க்க முதுமலையில் அறை கிடைக்குமா என்று விசாரிப்பார். இரண்டுமே அவசரம். எந்த விலங்கு கிடைக்கும் என்பதை இடமும் மாதமும் முடிவு செய்கின்றன. எந்த லென்ஸ் வேண்டும் என்பதை அந்த விலங்கு முடிவு செய்கிறது. கடைக்குப் போகுமுன் வரைபடத்தையும் நாள்காட்டியையும் ஒருமுறை விரித்துப் பார்த்துவிட்டால் பணமும் மிச்சம், ஏமாற்றமும் இல்லை.

வாசலிலேயே இருப்பது பச்சைமலை. சோபனபுரம் வழியாக ஏறினால் டாப் செங்காட்டுப்பட்டி வரை சாலை போகிறது. திருச்சி, பெரம்பலூர், சேலம் என்று மூன்று மாவட்டங்களில் கிடக்கும் மலை இது. மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள், மரவள்ளிக் காடுகள், இடையிடையே காப்புக்காடு. பெரிய விலங்கு வந்து நிற்கும் என்று நம்பி ஏறுகிறவர் வெறுங்கையோடு இறங்குவார். குரங்கு, பாறை ஓணான், சின்னான், பட்டாம்பூச்சி, மழை பெய்து ஓய்ந்தால் தவளை: இங்கே அன்றாட வரவு இவ்வளவுதான். தொடங்குகிறவருக்கு இதுவே போதும். அதே பாறைக்கு நாலைந்து ஞாயிற்றுக்கிழமை தொடர்ந்து போனால், ஓணான் எந்த வெயிலில் வெளியே வருகிறது, எவ்வளவு நெருங்கினால் ஓடுகிறது என்பது பிடிபட்டுவிடும். முதுமலையில் ஒரு நாள் சவாரியில் யாருக்கும் இது பிடிபடாது.

மலைச் சாலையில் குரங்குக்கு வாழைப்பழம் காட்டிப் படமெடுப்பவர்கள் உண்டு. அந்தப் படத்தில் குரங்கின் கண் வாழைப்பழத்தின் மேல்தான் இருக்கும். சாலையோரத்துக்குப் பழகிய குரங்கு வண்டியில் அடிபட்டுச் சாவது தனிக் கணக்கு.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. 2021-ல் துறையூருக்கு அருகே ஆங்கியம் பக்கம் சிறுத்தை தாக்கி ஆட்கள் காயமடைந்தார்கள். சிறுத்தை வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் கேமராவோடு கரட்டுக்குக் கிளம்புவது துணிச்சல் ஆகாது. வனத்துறை கூண்டு வைத்திருக்கும் இடத்தில் கூட்டம் சேர்ந்தால், தப்பிக்க வழி தெரியாத விலங்கு முதலில் பாய்வது பக்கத்தில் நிற்பவர் மேல்தான்.

ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே மேலூரில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, மேலணைக் காப்புக்காட்டில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது. வனத்துறை 2015-ல் திறந்தது. சுமார் 25 ஏக்கர். இதை இயற்கை வாழிடம் என்று சொல்லலாமா என்று கேட்டால், பாதி சொல்லலாம். புழுக்கள் தின்னும் செடிகளையும் தேன் தரும் பூச்செடிகளையும் மனிதர்கள் நட்டார்கள். பூச்சிகள் தாமாக வந்தன. எருக்கஞ்செடியைத் தேடி வெந்தய வரியன் வரும், எலுமிச்சை, கறிவேப்பிலையைத் தேடி அழகி வகைப் பட்டாம்பூச்சிகள் வரும். குழந்தைகளோடு போகலாம், நடக்க நல்ல பாதை உண்டு, பெரிய லென்ஸ் தேவையில்லை. பச்சைமலையோடு ஒப்பிட்டால் இங்கே பாடம் வேறு. மலையில் கற்பது பொறுமை. மேலூரில் கற்பது பின்னணி. இறக்கைக்குப் பின்னால் பளிச்சென்று ஒரு கம்பி வேலியோ வெளிறிய வானமோ விழுந்தால் எவ்வளவு அருமையான பூச்சியும் வீண். காலையில் உடம்பு சூடேறும் வரை பட்டாம்பூச்சி இறக்கையை விரித்து வெயில் காயும். அந்த நேரத்தில் போனால் துரத்தி ஓட வேண்டியதில்லை. பத்து மணிக்கு மேல் அது ஒரு பூவில் ஒரு நொடிதான் நிற்கும்.

ஒரே ஓர் இடத்தைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் அது கரைவெட்டி. அரியலூர் மாவட்டத்தில், தஞ்சாவூரிலிருந்து சுமார் 35 கி.மீ. தூரத்தில், 450 ஹெக்டேருக்குச் சற்று மேற்பட்ட ஏரி. 1999-ல் பறவைகள் சரணாலயம் ஆனது. 2024 ஜனவரியில் சர்வதேச ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. மேட்டூரில் திறக்கும் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக இங்கே வந்து சேர்கிறது. மிச்சத்தை வடகிழக்குப் பருவமழை நிரப்புகிறது. ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பயணத்தையே திட்டமிட வேண்டும். மழை பொய்த்த வருடத்தில் டிசம்பரில் போனாலும் பறவை குறைவு. நல்ல மழை பெய்த வருடத்தில் நவம்பர் முதல் மார்ச் வரை ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நத்தைக்குத்தி நாரை, பாம்புத்தாரா, கூழைக்கடா என்று கரை கொள்ளாது. இமயமலைக்கு மேலே பறந்து கடக்கும் வரித்தலை வாத்தும் இந்த ஏரிக்கு வருகிறது. திபெத்துப் பக்கம் குஞ்சு பொரித்த பறவையை டெல்டா வயலுக்குப் பக்கத்தில் நின்று படமெடுக்க முடிவது சின்ன அதிர்ஷ்டம் இல்லை.

கரைவெட்டியின் சிக்கல், தூரம். வாத்துக் கூட்டம் ஏரி நடுவில் மிதக்கும். கரையிலிருந்து 300 மி.மீ. லென்ஸில் எடுத்தால் கரும்புள்ளிதான் கிடைக்கும். இந்தச் சிக்கலுக்கு இரண்டு வழி. பணமுள்ளவர் 500, 600 மி.மீ. லென்ஸுக்குப் போவார். பணமில்லாதவர் கரையோரத்துப் பறவைகளைத் தேர்ந்தெடுப்பார். நீலத்தாழைக்கோழியும் மடையான் கொக்கும் மீன்கொத்தியும் மனிதருக்கு ஓரளவு பழகியவை. ஓரிடத்தில் குனிந்து உட்கார்ந்து அரைமணி அசையாமல் இருந்தால் அவையே நெருங்கி வரும். கேமராவும் பறவையின் கண்மட்டத்துக்கு இறங்கிவிடுவதால், கண்காணிப்புக் கோபுரத்து மேலிருந்து எடுத்ததைவிடப் படம் நன்றாக விழும். காலையில் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பார்த்தால் வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும். மாலையில் இதைத் திருப்பிக்கொள்ள வேண்டும். பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் நொடியில் 2000-ல் ஒரு பங்கு, நிற்கும் பறவைக்கு 500-ல் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் பிழையில்லை.

கரைவெட்டிக்குப் போட்டி கோடியக்கரை. தஞ்சை, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் தாண்டிப் போக வேண்டும். துறையூரிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பினால் காலை வெளிச்சம் பஸ்ஸிலேயே போய்விடும். எனவே இரவு தங்கியாக வேண்டும். 1967-ல் சரணாலயமான இந்தக் கடலோரக் காட்டில் வெளிமான் இருக்கிறது. துறையூர்ப் பக்கத்திலிருந்து ஒப்பீட்டளவில் எளிதாகப் போய், காட்டில் திரியும் பாலூட்டி ஒன்றைத் திறந்தவெளியில் படமெடுக்கச் சரியான இடம் இதுவே. புல்வெளி தட்டையாக இருப்பதால் மான் தூரத்திலேயே தெரியும், மானுக்கும் ஆள் தூரத்திலேயே தெரியும். குளிர்காலத்தில் பூநாரையும் உப்பங்கழிப் பறவைகளும் உபரி. ஒன்பது, பத்து மணிக்கு மேல் தரை காய்ந்து கானல் எழுந்துவிடும். அப்புறம் எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸிலும் மானின் கால் நெளியும். 2018 நவம்பரில் கஜா புயல் இந்தப் பகுதியைப் புரட்டிப்போட்டது. பழைய படங்களில் தெரியும் அடர்த்தியை எதிர்பார்த்துப் போக வேண்டாம்.

பறவை வேண்டும் என்பவருக்குக் கரைவெட்டி, மான் வேண்டும் என்பவருக்குக் கோடியக்கரை. இரண்டும் வேண்டும், இரண்டு நாள் விடுப்பும் உண்டு என்பவர் தயங்காமல் கோடியக்கரைக்கே போகலாம்.

கடவூர் பற்றிப் பலர் கேட்கிறார்கள். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரை 2022 அக்டோபரில் தேவாங்கு சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. தேவாங்குக்கென்று நாட்டில் அமைந்த முதல் சரணாலயம் அதுதான். மணப்பாறைக்குப் பக்கம் என்பதால் ஆசை வருவது இயல்பு. ஆனால் தேவாங்கு இரவில் நடமாடும் உயிர். அந்தப் பெரிய கண்ணில் ஃபிளாஷ் அடிப்பது கொடுமை, இருட்டில் காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம். வனத்துறையோ ஆய்வாளர்களோ உடன் அழைத்துச் செல்லும் வாய்ப்பு வந்தால் மட்டுமே போகலாம்.

முதுமலையும் டாப்சிலிப்பும் இந்த வரிசையில் கடைசிதான். யானை, காட்டெருமை, புள்ளிமான் நிச்சயம் என்று சொல்லலாம், புலி யோகம். வனத்துறை வண்டியில் இருபது பேரோடு உட்கார்ந்து, யாரோ ஒருவர் எழுந்து நின்று மறைக்க, ஓடும் வண்டி உலுக்க, விடியற்காலை மங்கல் வெளிச்சத்தில் எடுக்க வேண்டிய படம் அது. கேமராவின் பொத்தான்கள் கைக்குப் பழகாதவருக்கு யானை வந்து போனதுகூட ஆல்பத்தில் மிஞ்சாது. கோடையில் தண்ணீர்த் துறைக்கு விலங்குகள் வருவதால் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நல்ல காலம் என்பார்கள். காட்டுத்தீ பயத்தில் சவாரியை நிறுத்திவைப்பதும் அதே மாதங்களில்தான். முன்கூட்டியே விசாரிக்காமல் இரவு பஸ் ஏறக் கூடாது. பாலூட்டிதான் வேண்டும், ஆனால் சவாரி நெரிசல் வேண்டாம் என்பவருக்கு வால்பாறை நல்ல மாற்று. ஆழியாறிலிருந்து ஏறும் கொண்டை ஊசி வளைவுகளில் வரையாடும், புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்கும் சாலையிலிருந்தே தெரியும்.

இப்போது லென்ஸுக்கு வரலாம். மேலூருக்கு 90 முதல் 105 மி.மீ. வரை ஒரு மேக்ரோ போதும். புதிய செல்போன்களே பாதி வேலையைச் செய்துவிடும். பச்சைமலைக்கும் கோடியக்கரை மானுக்கும் 70-300 அல்லது 100-400. முக்கால் கிலோவுக்குள் வரும் லென்ஸ்கள் இப்போது இருக்கின்றன, நாள் முழுக்கத் தோளில் தாங்கலாம். கரைவெட்டி வாத்துக்கு 150-600. எடை இரண்டு கிலோ அளவு, விலையும் அதற்கேற்ப. பெரிய ஊர்களில் இது வாடகைக்குக் கிடைக்கிறது. ஒரு பருவம் வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டு வாங்குவதே புத்திசாலித்தனம். லென்ஸ் மாற்றாத நிக்கான் பி900 போன்ற கேமராக்கள் 2000 மி.மீ. அளவுக்கு எட்டிப் பார்க்கும். வெயிலில் நின்ற பறவைக்கு அவை அருமை. சென்சார் சின்னது என்பதால் முதுமலை விடியலில் படம் மணல் மணலாக வரும். எதை வாங்கினாலும், பழைய கால்சட்டைத் துணியில் ஒரு பை தைத்துக்கொள்ளலாம். போகிற ஊரில் இரண்டு கிலோ அரிசியை அதில் கொட்டி, ஜீப் கம்பியில் வைத்து லென்ஸைச் சாய்த்தால் முக்காலி தேவைப்படாது.

எம்.கிருஷ்ணன் (1912–1996) இந்த விஷயத்தில் நினைக்கத் தகுந்தவர். நாவலாசிரியர் அ.மாதவையாவின் மகன், 1970-ல் பத்மஸ்ரீ பெற்றவர். வெவ்வேறு பாகங்களைத் தானே இணைத்துக் கட்டிய கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டெரோசா’ என்று பெயர் வைத்து, யானை முதுகில் உட்கார்ந்து கறுப்பு வெள்ளையில் படமெடுத்தார். இன்று கடையில் கிடைக்கும் மலிவான கேமராவுக்குக்கூட அவருடைய கருவியில் இல்லாத வசதிகள் உண்டு. விலங்கு அடுத்து என்ன செய்யும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அனுமதி பற்றியும் ஒரு வார்த்தை. சரணாலயத்துக்குள் படமெடுக்க வனத்துறை அனுமதி வேண்டும் என்கிறது 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். அதே சட்டத்தின் கணக்கில், காட்டுப் பறவையின் கூட்டையும் முட்டையையும் கலைப்பதும் வேட்டைதான். கூட்டைச் சுற்றிய இலையை ஒதுக்கிவிட்டு எடுத்த குஞ்சுப் படத்துக்கு முகநூலில் ஆயிரம் விருப்பம் விழலாம். அந்த இடைவெளி வழியே காகமும் பார்த்துக்கொண்டிருக்கும். கூட்டுப் படங்களைப் பல போட்டிகள் இப்போது ஏற்பதில்லை. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் போட்டியில், வேலிக் கதவைத் தாண்டிக் குதிக்கும் ஓநாய்க்காக ஸ்பெயின்காரர் ஒருவருக்கு 2009-ல் பெரும்பரிசு கிடைத்தது. அது பழக்கிய ஓநாயாக இருக்க வேண்டும் என்று நடுவர்கள் முடிவுசெய்து 2010-ல் பரிசைப் பறித்தார்கள். 2017-ல் வென்ற எறும்புத்தின்னிப் படம் ஒன்றும், அது பாடம் செய்த பொம்மை என்ற முடிவோடு 2018-ல் தகுதி இழந்தது. வளர்ப்பு யானையைக் காட்டு யானை என்று போடும் நம்மூர்க்காரருக்கு நடுவர் குழு தேவைப்படாது. காலில் சங்கிலித் தழும்பைப் பார்த்து எந்தப் பாகனும் சொல்லிவிடுவார்.

நவம்பரில் தொடங்குகிறவர் முதல் மழைக்குப் பிறகு ஒரு வாரம் பச்சைமலை, டிசம்பர், ஜனவரியில் கரைவெட்டி, பொங்கல் விடுமுறை நெரிசல் அடங்கியதும் கோடியக்கரை, கையில் 300 மி.மீ. லென்ஸ் என்று வைத்துக்கொள்ளலாம். ஜூனில் தொடங்குகிறவருக்கு ஏரிகள் வற்றியிருக்கும். அவர் மேலூர்ப் பூங்காவில் தொடங்கி, அக்டோபரில் மேட்டூர் நீர்மட்டச் செய்தியைப் பார்த்துவிட்டு மற்றதை முடிவு செய்யலாம்.