பெயர் தெரியாத குட்டி மீன்

மாணவர்களே, லட்சத்தீவுக் கடலில் 15 மீட்டர் ஆழத்தில் மூழ்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பவளப்பாறை இடுக்கில் ஒரு குட்டி மீன். சாம்பல் நிறம், நீளம் 4 செ.மீ. இருக்கலாம். மறுநொடி மறைந்துவிட்டது. கரைக்கு வந்து, மீன்களைப் பற்றிய நூலில் "சாம்பல் நிறம், 4 செ.மீ." என்று தேடுகிறீர்கள். மீன் அகப்படவில்லை. காரணம், நீளம், நிறம் இரண்டுமே தவறாக இருக்கக்கூடும்!

முதலில் நீளம். உங்கள் முகமூடிக் கண்ணாடிக்கு முன்னால் நீர், பின்னால் காற்று. நீரின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 4/3. ஆகவே மீன் உண்மையான தூரத்தில் முக்கால் பங்கிலேயே இருப்பதுபோல் தெரியும். உருவமும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தோன்றும். நீங்கள் கண்ட 4 செ.மீ. மீன் உண்மையில் 3 செ.மீ. தான். மீன் இருந்த இடத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் பாருங்கள். கோலும் அதே மடங்கு பெரிதாகத் தெரியும்; பிழை அடிபட்டுப் போகும்.

அடுத்து நிறம். நீலத்தைவிடச் சிவப்பு ஒளியை நீர் மிக விரைவாக உட்கவர்கிறது. 15 மீட்டர் ஆழத்தில் சிவப்பு ஏறக்குறைய எஞ்சுவதே இல்லை. வராத ஒளியை மீன் எப்படித் திருப்பி அனுப்பும்? செந்நிற மீனும் சாம்பலாகத்தான் தெரியும். கைவிளக்கை அருகே பிடித்தால் அதன் ஒளி சிறிதளவு நீரையே கடக்கிறது. மீன் பளிச்செனச் சிவக்கும்!

இயற்பியல் இவ்வளவு உதவும். இனி விலங்கியலின் முறை. உண்மை நிறத்தையும் முழுதாக நம்ப முடியாது. எம்பரர் ஏஞ்சல் மீனின் குஞ்சு கருநீலம். உடலில் வெண்ணிற வளையங்கள். வளர்ந்தபின் வளையங்கள் போய் மஞ்சள் கோடுகள் வந்துவிடும். ஜெர்மானிய அறிஞர் பிளாக் 1787-ல் வளர்ந்த மீனுக்குப் பெயரிட்டார். அவர் மறைந்தபின் ஷ்னைடர் முடித்து 1801-ல் வெளியிட்ட நூலில், குஞ்சு வேறொரு பெயரில் தனி இனமாக இடம்பெற்றது!

அப்படியானால் சிறிய மீனெல்லாம் குஞ்சுதானா? அதுவும் இல்லை. சாகோஸ் தீவுகளிலிருந்து 1981-ல் விவரிக்கப்பட்ட டிரிம்மட்டாம் நானஸ் என்ற உளுவை இனம், முழு வளர்ச்சியிலும் ஏறக்குறைய 1 செ.மீ. தான்.

ஆகவே துடுப்புகளைப் பாருங்கள். என் கருத்தில் இதுவே நம்பகமான வழி. முதுகில் இரு தனித் துடுப்புகள் இருந்தால் உளுவையாக இருக்கலாம். உளுவைகள் பலவற்றில் வயிற்றுத் துடுப்புகள் இணைந்து கிண்ணம்போல் ஆகிப் பாறையைப் பற்றும். முதுகு நெடுக ஒரே நீண்ட துடுப்பு என்றால் பிளென்னியா என்று பாருங்கள். மூன்று துடுப்புகள் இருந்தால் அது டிரிப்பிள்ஃபின்; ஆங்கிலப் பெயரே அதைச் சொல்கிறது.

குடும்பம் தெரிந்துவிட்டது. சரியான இனத்தை அறியப் பல வேளைகளில் நுண்ணோக்கியின் கீழ் துடுப்புக் கதிர்களை எண்ண வேண்டும். அதுவரை பக்கவாட்டில் எடுத்த ஒரு நிழற்படம், ஆழம், மீன் அமர்ந்திருந்த இடம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.