வாழும் உரிமை யார் கொடுத்தது?

கேள்வி: உயிர் வாழும் உரிமை நமக்கு அரசியல் சட்டத்தால்தான் வந்ததா? அப்படியானால், கொடுத்த அரசே அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா?
- வாசகி, மதுரை

பதில்: வாங்கிக்கொள்ளலாம் என்கிற மாதிரி நம் உச்ச நீதிமன்றமே ஒருமுறை தீர்ப்பு எழுதிவிட்டது, அம்மா. 1976 ஏப்ரல் 28 அன்று.

மனிதன் சில உரிமைகளோடுதான் பிறக்கிறான், அவற்றைக் காக்கவே அரசு ஏற்பட்டது என்று 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஜான் லாக் எழுதினார். 1776-இல் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்திலும் அந்தக் கருத்து ஏறியது. நம் அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவை எடுத்து நிதானமாகப் படித்துப் பாருங்கள். உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் 'வழங்குகிறோம்' என்று அதில் எங்குமே இல்லை. சட்டம் வகுத்த நடைமுறை இல்லாமல் பறிக்கக் கூடாது என்றுதான் இருக்கிறது. ஏற்கெனவே நம்மிடம் இருப்பதைத்தானே பறிக்க முடியும்?

நெருக்கடி நிலையில் இந்தக் கேள்வி நீதிமன்றம் ஏறியது. 21-வது பிரிவைக் காட்டி யாரும் வழக்குப் போட முடியாதபடி 1975 ஜூனில் குடியரசுத் தலைவர் உத்தரவு வந்திருந்தது. மிசா என்ற தடுப்புக்காவல் சட்டத்தில் பிடிபட்டவர்களுக்காகப் போட்ட ஆட்கொணர்வு மனுக்களை விசாரிக்கலாம் என்று ஒன்பது உயர் நீதிமன்றங்கள் சொல்ல, அரசு உச்ச நீதிமன்றம் போனது. அங்கே நீதிபதி எச்.ஆர். கன்னா அட்டர்னி ஜெனரல் நிரேன் டேயிடம் கேட்டார்: சொந்தப் பகையில் ஒரு போலீஸ்காரர் ஒருவரைக் கொன்றுவிட்டால்? நெருக்கடி நிலை நீடிக்கும்வரை நீதிமன்றத்தில் பரிகாரம் இல்லை என்று பதில் வந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு பதறும்.

அந்த ஏப்ரல் 28 தீர்ப்பில் ஐந்து நீதிபதிகளில் நால்வர் அரசின் பக்கம். 21-வது பிரிவே இல்லாவிட்டாலும் சட்டத்தின் அனுமதியின்றி ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ பறிக்க அரசுக்கு அதிகாரம் கிடையாது என்று கன்னா தனியாக எழுதினார். இதனால் தலைமை நீதிபதி பதவி போய்விடும் என்று தம் சகோதரியிடம் முன்பே சொல்லியிருந்தார். 1977 ஜனவரியில் அப்படியே ஆனது. அவருக்கு இளையவரான எம்.எச். பேக் தலைமை நீதிபதியானார்; கன்னா ராஜினாமா செய்தார்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு 1978-இன் 44-வது திருத்தம் ஓரளவு பதில் சொல்லிவிட்டது: நெருக்கடி நிலையிலும் 20, 21-வது பிரிவுகளை இனி முடக்க முடியாது. முதல் கேள்விக்கு 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தரங்க உரிமை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் 1976 தீர்ப்பைத் தவறென்று ரத்து செய்தார்கள். உயிரும் சுதந்திரமும் அரசு அளித்த கொடை அல்ல என்று அதில் எழுதியவர் டி.ஒய். சந்திரசூட். 1976-இன் அந்த நால்வரில் ஒருவர், அவருடைய அப்பா ஒய்.வி. சந்திரசூட்.