கொழுப்பு மாத்திரை: புதிதாகத் தொடங்குவோருக்கு

திருநெல்வேலியில் மருந்துக் கடை கவுண்டரில் நின்றே தலை நரைத்தவன் நான். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு நானும் ரோசுவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் வகைக் கொழுப்பு மாத்திரையைப் போட்டுக்கொள்கிறேன். முதல் சீட்டோடு வருகிறவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. ரிப்போர்ட்டில் மொத்தக் கொலஸ்ட்ராலைப் பார்த்துக் கலங்காதீர்கள், கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல். எவ்வளவு என்று பாருங்கள். அதிலும் எல்லோருக்கும் ஒரே அளவு கிடையாது. இந்திய இதயவியல் சங்கம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, ஆபத்து குறைந்தவர்களுக்கு 100-க்குக் கீழே, அதிக ஆபத்து உள்ளவர்களுக்கு 70-க்குக் கீழே, மாரடைப்பு வந்தவர்களுக்கு 55-க்குக் கீழே இருக்க வேண்டும். நீங்கள் ஆபத்து குறைந்தவர் என்றால் 90 உங்களுக்கு நிம்மதி. ஸ்டென்ட் வைத்த உங்கள் அண்ணனுக்கு அது அதிகம்.

2. சாப்பாட்டை மாற்றினால் பலன் உண்டு. எங்கள் ஊர் சொதியும் நெய் ஒழுகும் அல்வாவும் விசேஷ நாளுக்கு இருக்கட்டும். தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்குக்குக் கிட்ட நிறைவுற்ற கொழுப்பு; பாமாயிலும் அதிகம். எண்ணெய் பாக்கெட்டில் ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது. நல்லெண்ணெய், கடலை எண்ணெய் எதுவானாலும் அளவாக ஊற்றுங்கள். பேக்கரி பப்ஸை விடுங்கள். வெண்டைக்காய், அவரை, கொண்டைக்கடலை, ஓட்ஸ் இவற்றைக் கூட்டுங்கள். ஆனால் உடம்பிலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை ஈரலே தயாரிக்கிறது. எல்.டி.எல். 190-ஐத் தாண்டியவருக்கும் மாரடைப்பு வந்தவருக்கும் பத்தியம் மட்டும் போதாது.

3. இதுதான் முக்கியம். மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் உடம்பு வலித்தால், அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எங்கே வலிக்கிறது என்று முதலில் கவனியுங்கள். இந்த மருந்தால் வரும் வலி பெரும்பாலும் இரண்டு தொடையிலும், இடுப்பிலும், இரண்டு கெண்டைக்காலிலும் ஒருசேர வரும். மாடி ஏறும்போது ஒரு மூட்டு மட்டும் வலித்தால் காரணம் வேறாக இருக்கலாம். வலி எப்போது தொடங்கியது என்று காலண்டரில் குறித்து வையுங்கள்.

லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2020-இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். பக்கவிளைவால் ஸ்டாட்டினை நிறுத்திய 60 பேருக்குச் சில மாதங்கள் ஸ்டாட்டின், சில மாதங்கள் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை, சில மாதங்கள் எதுவும் இல்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ஸ்டாட்டின் மாதங்களில் இருந்த தொந்தரவில் 90 சதவீதம் வெற்று மாத்திரை மாதங்களிலும் இருந்தது. அவர்கள் பட்ட வலி நிஜம்தான். அதை உண்டாக்கியது பெரும்பாலும் மருந்து இல்லை. தங்கள் முடிவைக் கண்ணால் பார்த்தபின் பாதிப் பேர் மறுபடியும் மாத்திரைக்குத் திரும்பினார்கள்.

டாக்டரிடம் தைராய்டு, வைட்டமின் டி, தசைச் சேதத்தைக் காட்டும் சி.பி.கே. பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள். தைராய்டு குறைவு இருந்தால் கொலஸ்ட்ராலும் ஏறும், தசையும் வலிக்கும்.

4. தசை தாங்கமுடியாமல் வலித்து, கை கால் சோர்ந்து, சிறுநீர் கறுப்புக் காப்பி நிறத்தில் போனால் அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மிக அரிதாகத்தான் வரும், வந்தால் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

5. மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு வழி உண்டு. அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாட்டினுக்கு மாறலாம், சிலருக்கு ஒன்றுவிட்டு ஒருநாள் கொடுத்துப் பார்ப்பார்கள். அளவை இரட்டிப்பாக்கினால் எல்.டி.எல். கூடுதலாக 6 சதவீதம் அளவுக்குத்தான் குறையும். அதனால் குறைந்த அளவு ஸ்டாட்டினோடு எசிடிமைப் என்ற இன்னொரு கொழுப்பு மருந்தைச் சேர்ப்பது பலருக்கு நல்ல வழி. பெம்பெடோயிக் அமில மாத்திரையும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் இன்க்ளிசிரான் ஊசியும் இருக்கின்றன. ஊசிக்கு விலை அதிகம்.

6. ‘இயற்கையானது’ என்று விற்கும் சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரையை டாக்டருக்குத் தெரியாமல் சேர்க்காதீர்கள். முதல் ஸ்டாட்டினை ஜப்பானின் அகிரா எண்டோ 1970-களில் ஒரு பூஞ்சையில்தான் கண்டுபிடித்தார். இந்த அரிசியிலும் பூஞ்சை தரும் லோவாஸ்டாட்டின்தான் இருக்கிறது, எவ்வளவு என்று தெரியாத அளவில். தொண்டைப் புண்ணுக்குக் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் எழுதினால், கொழுப்பு மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லுங்கள்; சில ஸ்டாட்டின்களோடு அது ஒத்துப்போகாது. கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே டாக்டரிடம் பேச வேண்டும்.

7. சர்க்கரை விளிம்பில் இருப்பவர்களுக்கு இந்த மருந்து அதைக் கொஞ்சம் ஏற்றலாம். இதயத்துக்குக் கிடைக்கும் பாதுகாப்பு அதைவிடப் பெரியது.

8. ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் மறுபடி ரத்தம் கொடுத்துப் பாருங்கள். “அண்ணாச்சி, நார்மல் ஆயிட்டு, இனி மாத்திரை வேண்டாம்லா?” என்று ரிப்போர்ட்டை நீட்டாத ஆளில்லை. நார்மல் ஆனது மாத்திரையால்தான். நிறுத்தினால் சில வாரங்களில் எண் பழையபடி ஏறிவிடும். நிறுத்தத் தோன்றினால், நிறுத்துவதற்கு முன் உங்கள் டாக்டருக்கு ஒரு போன் போடுங்கள்.