லோடு போட்டால் நிற்கும் ஜெனரேட்டர்

விசைப்படகு ஜெனரேட்டர் வெறுமனே ஓடும்வரை ஒரு குறையும் தெரியாது. டெக் விளக்கும் ஃப்ரீசர் கம்ப்ரசரும் சேர்ந்ததும் அமுங்கி நின்றுவிடும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் முடிந்து படகுகள் கிளம்பும்போது இந்தப் புகார் அதிகம். உடனே நாசிலைக் கழற்றுகிறார்கள், பம்பை கேலிபரேஷனுக்கு அனுப்புகிறார்கள். இரண்டையும் இப்போதைக்குத் தொடாதீர்கள்.

எப்படி நிற்கிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள். சுவிட்சை அணைத்ததுபோல் சட்டென்று நின்றால் ஆயில் பிரஷர் சுவிட்ச், டெம்பரேச்சர் சுவிட்ச், ஸ்டாப் சொலினாய்டு பக்கம் போங்கள். இன்ஜின் சீராக ஓடியும் விளக்கு மட்டும் மங்கினால் ஆல்டர்நேட்டர் கோளாறு; அது வேறு கதை. கரும்புகை கக்கி அமுங்கினால் லோடு அதிகம், அல்லது காற்று போதவில்லை. ஏர் ஃபில்டரைப் பாருங்கள், இன்ஜின் அறை மூடியைத் திறந்துவைத்து ஓட்டிப் பாருங்கள். எக்ஸாஸ்டில் கடல்நீர் கலக்கும் எல்போ இருந்தால் அதையும் கழற்றிப் பாருங்கள். கரியும் உப்பும் சேர்ந்து அடைத்திருக்கும். புகை அதிகமில்லாமல், சத்தம் ஏறி இறங்கித் திணறி நின்றால் டீசல் போதவில்லை. பெரும்பாலும் இதுதான்.

லோடு கணக்கையும் ஒருமுறை சரிபாருங்கள். 5 கேவிஏ என்றால் கையில் கிடைப்பது 4 கிலோவாட். மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும் கரண்டைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். அதனால் சோதனைக்கு கம்ப்ரசர் வேண்டாம். 500 வாட் ஹாலோஜன் விளக்குகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள். ஹெர்ட்ஸ் காட்டும் மீட்டர் ஒன்று கட்டாயம் வேண்டும். லோடு இல்லாமல் 52, முழு லோடில் 50 என்றால் நலம். 47-க்குக் கீழே சரிந்துகொண்டே போனால் தேடலைத் தொடங்கலாம்.

டீசல் ஃபில்டரை மாற்றுங்கள். வாட்டர் செபரேட்டரில் தண்ணீர் இருந்தால் இறக்குங்கள். திணறும்போது டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். இன்ஜின் தெளிந்துவிட்டால் வென்ட் குழாய் அடைப்பு. பத்து நொடி வேலை, ஆனால் யாரும் செய்வதில்லை.

அதிலும் தீராவிட்டால் கேன் சோதனை. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். சுத்தமான டீசல் நிரப்பிய கேனிலிருந்து ஒரு ஹோஸை நேராக ஃபீட் பம்பின் நுழைவாயிலில் மாட்டுங்கள். டேங்க், பழைய ஹோஸ், செபரேட்டர் எல்லாம் இப்போது வெளியே. ரிட்டர்ன் ஹோஸையும் இதே கேனுக்குள் விடுங்கள். விடாவிட்டால் டீசல் டேங்குக்குப் போய்க் கேன் காலியாகிவிடும். இல்லாத கோளாறு ஒன்றைத் தேடத் தொடங்கிவிடுவீர்கள். ஏர் எடுத்துவிட்டு ஓட்டி, விளக்குகளைப் போடுங்கள்.

கேனை உயரத்தில் வைத்து ஓட்டி, "சரியாயிடுச்சு" என்று முடித்துவிடக் கூடாது. உயரத்தில் இருந்தால் டீசல் தானாக இறங்கும். ஃபீட் பம்ப் செத்திருந்தாலும் இன்ஜின் ஓடும். அதே கேனை டேங்கின் அடி மட்டத்துக்கு இறக்கி மறுபடி லோடு கொடுங்கள். மேலே ஓடியது கீழே நின்றால் ஃபீட் பம்ப் கோளாறு. இரண்டு இடத்திலும் ஓடினால் குற்றம் டேங்குக்கும் பம்புக்கும் இடையில். இரண்டிலும் நின்றால்தான் நாசிலும் இன்ஜெக்‌ஷன் பம்பும். அப்போது மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

இடையில் என்றால் எங்கே? பம்ப் இழுக்கும் பக்கத்தில் இருக்கும் ஓட்டையில் டீசல் கசியாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் "எங்கும் ஈரமில்லை" என்று சொல்வதில் அர்த்தமில்லை. கொத்தனார் வைத்திருக்கும் லெவல் டியூபில் ஒரு முழம் வெட்டி, பம்புக்கு முன்னால் செருகி ஓட்டுங்கள். குமிழி ஓடுவது கண்ணுக்குத் தெரியும். டியூபை டேங்கை நோக்கி இணைப்பு இணைப்பாக நகர்த்துங்கள். எந்த இணைப்பைத் தாண்டியதும் குமிழி நிற்கிறதோ, ஓட்டை அங்கேதான். வேலை முடிந்ததும் டியூபைக் கழற்றிவிடுங்கள், இன்ஜின் சூட்டில் அது நிலைக்காது. குமிழியே இல்லாமல் திணறினால் டேங்கின் உள் வலையில் அடைப்பு, அல்லது ஹோஸின் உள்சுவர் ஊதிப் பாதையை மூடியிருக்கிறது. ஹோஸ் வெளியே புதிதுபோலத்தான் இருக்கும், நம்பாதீர்கள். வெட்டிப் பார்ப்பதைவிடப் புது ஹோஸ் மலிவு.

கிளிப் ஸ்டெயின்லெஸ்ஸாக இருக்கட்டும், இரண்டிரண்டாகப் போடுங்கள். டீசல் லைனில் டெஃப்லான் டேப் சுற்றவே கூடாது. பிய்ந்த துணுக்கு பம்புக்குள் போய்ச் சிக்கும். செம்பு வாஷரை மாற்ற வழியில்லாத நடுக்கடலில், பழையதை அடுப்பில் சிவக்கச் சூடாக்கித் தண்ணீரில் போடுங்கள். மென்மையாகிவிடும், திரும்ப அமரும்.

ஏர் எடுக்கும்போது பிரைமரை விடாமல் அடித்து, குமிழி முழுக்க நின்றபின் ஸ்க்ரூவை இறுக்குங்கள். இன்ஜின் ஓடும்போது நாசில் பைப் பக்கம் விரல் போகக் கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்துவிடும்.

அடுத்த தடைக்காலத்தில் டேங்கைப் பாதி காலியாக விட்டு வீட்டுக்குப் போகாதீர்கள், தண்ணீர் வியர்த்துச் சேரும். கிளம்பும் முன் டேங்கின் அடியிலிருந்து இரண்டு லிட்டரைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பாருங்கள், கூடுதலாக இரண்டு ஃபில்டர் ஏற்றிக்கொள்ளுங்கள்.